பெயிண்ட் காசு யாரோடது?

ஆவடியில நாங்க நாலு பேரும் வீட்டைக் காலி பண்ணப்போ, பெயிண்டிங்குக்குன்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகையைப் பிடிச்சுட்டாங்க. "எல்லா இடத்துலயும் இதான் வழக்கம் தம்பி"ன்னார் ஓனர்.

வழக்கம் சரி, சட்டம்?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர் மாத்துறது, டிரெயினேஜ் சுத்தம் பண்றது நம்ம பொறுப்பு. அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது.

ஆனா அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா, பெயிண்டும் நம்ம தலையில்தான். மூணு மாச வரம்பும் போச்சு. எங்க அக்ரிமெண்ட்லயும் அந்த வரி இருந்துச்சு. படிக்காம கையெழுத்துப் போட்டது நாங்கதான்.

வேலை கிடைச்சு அம்பத்தூர்ல வீடு தேடப் போறவங்களே, சாவி வாங்குறதுக்கு முன்னாடி அந்த வரியைத் தேடுங்க. அடிக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்கிறது தப்பில்ல.