பூட்டிய ஓலைப்பெட்டியும் பாறசாலையின் உழவனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாறசாலையில் ஓர் உழவுத் தொழிலாளி என்ன உண்டான், எவருக்கு அஞ்சினான், அவன் மனைவி தோளில் துணியிட்டதற்காக எங்கே அடிபட்டாள் என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர் இன்று லண்டனுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்தின் கடிதக் கட்டுகள் அங்கே சோவாஸ் நூலகத்தில் உள்ளன. பாறசாலையில் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் 1870இல் தம் அனுபவங்களை நூலாக்கினார். அடுத்த ஆண்டு சாமுவேல் மெட்டீரின் திருவிதாங்கூர் நூல் வந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களின் எளிய மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அம்மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் தம் சங்கத்துக்கு எழுதி அனுப்பிய செய்தியே.

அந்த உழவனை ஏவியவரும் எழுதினார். இதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம். பாட்டச் சீட்டு, ஒற்றியோலை, விலையோலை, நெல்வரவுக் கணக்கு, சர்வாதிக்காரருக்கு விண்ணப்பம், மருமகனுக்கு அறிவுரை, கோயில் ஊட்டுக்கான செலவு என்று நிலமுடைய வீடு ஒவ்வொன்றும் ஓலையிலும் பின்னர்த் தாளிலும் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தது. அவற்றில் எஞ்சியவை மச்சிலும் பத்தாயத்தின் மேலும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. கேட்டால் வரும் விடை ஒன்றுதான்: ‘அது எங்கள் குடும்பக் காரியம்.’

குடும்பக் காரியமா என்பதைச் சோதிக்கக் கைக்கெட்டும் சான்று ஒன்றுண்டு. தோவாளை வட்டத்து அழகியபாண்டியபுரத்தில் பெரியவீட்டு முதலியார் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படித்துப் படியெடுத்தார். பின்னர் அ.கா. பெருமாள் அவற்றை ஆராய்ந்து ‘முதலியார் ஓலைகள்’ என்னும் நூலாக்கினார். அரசரின் நீட்டுகள் அதில் உள்ளன. அந்த வீட்டுக்கு அது பெருமை. வரிச்சுமையை எதிர்த்து நாஞ்சில் நாட்டார் கூடிப் பேசிய செய்தியும் உள்ளது. கூடவே, மனிதரை விலைக்கு விற்று வாங்கிய அடிமை ஓலைகளும் உள்ளன. நெல்லுக்கும் நிலத்துக்கும் எழுதும் அதே நிதானமான நடையில், அதே எழுத்தாணியால், ஆள் விற்பனையும் எழுதப்பட்டிருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்க வழியற்றவர்கள் தமிழ் எழுத்தில் இடம்பெற்றது, தம்மை விற்ற சீட்டில்தான். அந்த வீட்டார் பெட்டியைத் திறக்காதிருந்தால் அதுவும் இல்லை.

திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன் எடுத்த 1836ஆம் ஆண்டுக் கணக்கு, ஏறத்தாழ 12,80,000 மக்களில் 1,65,000 பேரை அடிமைகளாகக் காட்டுகிறது. எட்டுப் பேரில் ஒருவர். இத்தனை பேரை வாங்கி, விற்று, அடகு வைத்த சீட்டுகள் எங்கே போயின? அனைத்தும் கறையானுக்குப் போயிருக்க முடியாது.

வேல்ஸ் நாட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே பெனண்ட் குடும்பம் பெரும் நிலக்கிழார் குடும்பம். பெத்தெஸ்டாவின் கற்பலகைச் சுரங்கத்துக்கும் உரிமையாளர். பென்ரின் கோட்டை ஆவணங்கள் எனப்படும் அவர்களுடைய கடிதங்களும் கணக்குகளும் பாங்கர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1808இல் இறந்த ரிச்சர்ட் பெனண்ட், ஜமைக்காவில் இருந்த கரும்புத் தோட்டங்களை நேரில் போய் நடத்தவில்லை. தம் முகவர்களுக்குக் கடிதம் எழுதியே நடத்தினார். மாடுகளின் நலம், சர்க்கரையின் விலை, அடிமைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே கடிதப் போக்குவரத்தில் அடுத்தடுத்து வருகின்றன. நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்தைத் தாங்கிப் பேசியவரின் தோட்டக் கணக்கு அவருடைய கையெழுத்தாலேயே இன்று படிக்கப்படுகிறது. அந்தக் கோட்டைக்கு இன்றும் மக்கள் சுற்றுலா செல்கிறார்கள். கோட்டை இடிந்துவிடவில்லை, அதன் சுவர்கள் எந்தப் பணத்தில் எழுந்தன என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

நம் பக்கத்தில் மானம் என்கிறார்கள். முப்பாட்டன் செய்ததற்குப் பேரன் பொறுப்பல்ல என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் முப்பாட்டன் பெற்ற நீட்டைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டும்போது மட்டும் பேரன் வாரிசாகிறான். ஆள் விலையோலை வெளிப்பட்டால் ‘அது அந்தக் காலம்’ ஆகிவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும்.

மானத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மையான அச்சம் நிலம். பழைய பாட்ட ஓலை வெளியே வந்தால் வழக்கு வரும் என்று நம்புவோர் இன்றும் உண்டு. கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதே பழைய குத்தகை உறவு முடிந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் செத்த பாம்புக்கு இன்னும் பால் வார்க்கிறார்கள்.

அரசு என்ன செய்கிறது? திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்தது. நல்ல செயல். கொளச்சல் போர் அங்கே உண்டு, ஆட்சியாணைகள் உண்டு. ஆவணக்காப்பகத்தின் சுருணைகளும் மதிலகம் ஓலைகளும் அரண்மனையும் கோயிலும் எழுதியவை. அரசன் நாட்டை எப்படி ஆண்டான் என்று அவை சொல்லும். ஒரு வீடு தன் களத்தை எப்படி ஆண்டது என்பதற்கு அந்த வீட்டின் ஓலைதான் வேண்டும். வெங்கானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி எதிர்த்து நின்ற அதிகாரம் அரண்மனையில் மட்டும் இருக்கவில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தின் ஒவ்வொரு களத்திலும் அது அமர்ந்திருந்தது. தொழிலாளர் வேலைக்குப் போகாமல் வயலைத் தரிசாகப் போட்டபோது, நிலக்கிழார்கள் ஒருவருக்கொருவர் என்ன எழுதிக்கொண்டார்கள்? போராட்டத்தின் ஒரு தரப்பு மட்டுமே இன்று வாய்மொழியாக நினைவில் நிற்கிறது. மறுதரப்பின் வாக்குமூலம் பூட்டியிருக்கிறது.

இனி மொழி. எல்லை ஊர்களின் ஓலைகள் கவனிப்பாரற்றுப் போனதற்கு மொழிப்பற்றாளர்கள் இரு பக்கத்திலும் செய்த கைங்கரியம் சிறிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் ஓர் ஓலை தமிழா, மலையாளமா என்ற கேள்வியே முதலில் எழுகிறது. ஒரே குடும்பம் வட்டெழுத்திலும் மலையாண்மையிலும் தமிழெழுத்திலும் எழுதியிருக்கலாம். ஒரே வாக்கியத்தில் வினை தமிழாகவும் சொல் மலையாளமாகவும் இருக்கலாம். தமிழறிஞர் இதைக் கொச்சை என்கிறார், மலையாள அறிஞர் கலப்பு என்கிறார், இருவரும் பெட்டியை மூடிவிடுகிறார்கள். வேல்சில் 1536ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியபின், வீட்டில் வேல்சு மொழி பேசிய நிலக்கிழார்களும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினர். க்விடிர் ஊர் வின் குடும்பத்தின் கடிதங்களுக்கு வேல்ஸ் தேசிய நூலகம் 1926இலேயே விரிவான அட்டவணை வெளியிட்டது. ஆங்கிலத்தில் இருப்பதால் அவை தம் நாட்டு வரலாறல்ல என்று அந்நூலகம் ஒதுக்கவில்லை.

பெட்டியைத் திறப்பது என்றால் பெட்டியைப் பறிப்பது என்று பொருளில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்றின் கீழ், தமிழக வேளாண் வரலாற்றுக்கான தனியார் ஆவணங்களைப் படமெடுத்து இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. பாறசாலைக்கும் அதுவே போதும். படப்பதிவு, ஓலை இருந்த வீட்டின் பெயர், கொல்லம் ஆண்டு, எழுத்துவகை, ஓலையில் வரும் ஊர்கள். அட்டவணையில் மொழிக்கு ஒரு கட்டம் வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு மொழியையும் எழுதக்கூடிய அகலத்தில் வைக்கட்டும். அதில் வரும் ஆட்களின் பெயர்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும். விற்றவர், வாங்கியவர் பெயர்களோடு விற்கப்பட்டவர் பெயரும் அங்கே வர வேண்டும். மலையாண்மையைத் தடங்கலின்றிப் படிக்கும் முதியவர்கள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்கியாக வேண்டும்.