இரண்டு அங்குல உயரமும் முந்நூற்றைம்பது கிலோவும்

ஸ்பிட்டி பள்ளத்தாக்கிற்குக் கள ஆய்வுக்குச் செல்லும் எங்கள் ஆய்வு மாணவர் குழுவில் இருவர், உதவித்தொகையில் சேர்த்துவைத்த பணத்தை ஒன்றாக்கி நான்கு சக்கர இயக்கமுள்ள ஒரு வண்டி வாங்க முடிவு செய்திருக்கிறார்கள். தேர்வு ஏறத்தாழ மாருதி ஜிம்னியில் வந்து நிற்கிறது. மகிந்திரா தாரும் இன்னும் பட்டியலை விட்டு நீங்கவில்லை. அவர்களுக்கு இதுவரை கிடைத்த அறிவுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: இருப்பதிலேயே உயர்ந்த வேரியன்டை எடு; வாங்கிய மாதமே இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டைப் போட்டுவிடு. இவ்வறிவுரையின் இரு பாதிகளையும் நான் மறுக்கிறேன். தனிச்செய்தியாக எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் பொதுவிலேயே இடுகிறேன். இதே கேள்வியோடு கடை கடையாக ஏறி இறங்கும் வேறு சிலரும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள்.

என் தரப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் அடியில் இருக்கவேண்டியவற்றுள் எதுவும் குறையாத வேரியன்ட்களில் மிகக் கீழானதை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தை டயரிலும் காற்றடிக்கும் கருவியிலும் போடுங்கள். ஏற்றும் சுமை கேட்டால் சஸ்பென்ஷனைத் தொடுங்கள், உயரத்துக்காகத் தொடாதீர்கள்.

மொழியியல் படித்தவன் என்பதால் பெயர்களிலிருந்து தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். மாருதியின் நெக்ஸா விற்பனையகங்களில் வேரியன்ட்களுக்குக் கிரேக்க எழுத்துகளே பெயர்கள். கீழிருந்து மேலாக சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபா. கிரேக்க நெடுங்கணக்கைத் தலைகீழாக்கினார்கள் போலும் என்று எண்ணினால் அதுவும் பொருந்தாது. அவ்வாறாயின் டெல்டா ஸீட்டாவுக்கு மேலே நிற்கவேண்டும். ஆக இவை வரிசை எண்களும் அல்ல, பொருளுள்ள சொற்களும் அல்ல. ஏறுமுகமான ஒரு படிக்கட்டு இருக்கிறது என்ற உணர்வை மட்டும் எழுப்பும் ஒலிகள். எந்தப் படியில் எது இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லாது. பின்னாளில் கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளக்கூடியவற்றையும், தொழிற்சாலையில் தவறினால் பிறகு எளிதில் கிட்டாதவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பதே வேரியன்ட் என்னும் ஏற்பாடு. மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதுதான் வாங்குபவரின் முதல் வேலை.

ஜிம்னியில் அவிழ்ப்பது எளிது. 2023 ஜூன் மாதத்தில் அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஸீட்டா கைமுறைக் கியர் வண்டியின் விலை 12.74 லட்சம், அதே கியர் உள்ள ஆல்ஃபா 13.69 லட்சம். இடைவெளி 95,000 ரூபாய். அந்தத் தொகைக்குப் பெரிய திரை, எல்இடி முகப்பு விளக்கு, அதைக் கழுவும் நீர்த்தாரை, தானியங்கிக் குளிரூட்டல், அலாய் சக்கரம் முதலானவை வந்து சேரும். அடியில் என்ன கூடுகிறது? ஒன்றுமில்லை. தாழ்கியர் வசதியோடு கூடிய நான்கு சக்கர இயக்கம் இரண்டிலும் ஒன்றே. முன்னும் பின்னும் அதே முழு அச்சுகள், அதே சுருள் ஸ்பிரிங்குகள். காற்றில் தொங்கி வீணாகச் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, தரையில் பிடிமானமுள்ள சக்கரத்துக்கு விசையை அனுப்பும் மின்னணு ஏற்பாடு இரண்டிலும் உண்டு. ஆறு காற்றுப்பைகளும் அவ்வாறே. டயர் அளவும் 195/80 ஆர்15 என்பதில் மாற்றமில்லை. ஸீட்டாவின் இரும்புச் சக்கரம் பார்வைக்கு எளியதுதான். ஆனால் பாறையில் மோதி விளிம்பு நெளிந்தால், சாலையோரப் பட்டறையில் சுத்தியலால் தட்டியே ஊர் போய்ச்சேரும் அளவுக்கு நிமிர்த்திவிடலாம். விரிசல் விட்ட அலாயை அங்கே ஒன்றும் செய்ய இயலாது.

தாரில் கணக்கு இத்தனை நேரானது அன்று. 2020இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் கீழ்நிலை ஏஎக்ஸ் வகைக்கு 245/75 ஆர்16 டயர். மேல்நிலை எல்எக்ஸ் வகைக்கு 255/65 ஆர்18. பக்கச்சுவரின் உயரத்தைக் கணக்கிட்டால் கீழ்நிலையில் ஏறத்தாழ 184 மில்லிமீட்டர், மேல்நிலையில் 166. பாறையின் விளிம்பை உள்வாங்கி வளைந்துகொடுப்பது அந்தப் பக்கச்சுவர்தான். கூடுதல் பணம் கொடுத்தவருக்கு அது குறைவாகக் கிடைக்கிறது. ஐந்து கதவு கொண்ட ராக்ஸில் உச்ச வகையான ஏஎக்ஸ்7எல் 19 அங்குலச் சக்கரத்தில் வருகிறது. பக்கச்சுவர் 153 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. எனினும் தார் வாங்குபவருக்கு 'கீழ்நிலையே போதும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். பின் அச்சின் டிஃபரென்ஷியலை இயந்திர முறையில் பூட்டும் ஏற்பாடு எல்லா வேரியன்டிலும் எல்லா ஆண்டிலும் ஒரே மாதிரி வந்ததில்லை. அது உண்மையிலேயே பயன்படும் பொருள். பிறகு பொருத்துவது செலவும் தொல்லையும் மிக்கது. பழைய தார் வாங்குவதாயின் எழுத்துகளை நம்பாமல் அந்தக் குறிப்பிட்ட வண்டியில் அது உண்டா என்று கேட்டு உறுதி செய்யவேண்டும். இவ்விஷயத்தில் ஃபோர்ஸ் கூர்க்காவின் நேர்மை எனக்குப் பிடிக்கும்: வேரியன்ட் படிக்கட்டே கிடையாது, முன் பின் இரு அச்சுகளுக்கும் பூட்டு வண்டியோடே வருகிறது. ஆனால் எங்கள் இருவரின் பணப்பைக்கு அது எட்டாது.

இனி சஸ்பென்ஷன். 'லிஃப்ட்' என்ற ஒரே சொல் இருவேறு உயரங்களைக் குழப்பிவிடுகிறது. முழு அச்சு வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்குவது அச்சின் டிஃபரென்ஷியல் குமிழ். அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை டயரின் ஆரம் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்குக்கு அதில் பங்கில்லை. நீண்ட ஸ்பிரிங் போட்டால் உயர்வது அச்சுக்கு மேலே இருக்கும் சேசிஸும் உடலும்; அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். முன்பு பாறையில் தட்டிய குமிழ் இரண்டு அங்குல லிஃப்டுக்குப் பிறகும் அதே பாறையில் தட்டும். லிஃப்டினால் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. ஐந்து கதவு ஜிம்னியின் சக்கர இடைவெளி 2,590 மில்லிமீட்டர். அதனால் மேட்டைக் கடக்கும்போது நடுவயிறு தட்டாமல் தப்பும் கோணம் 24 பாகைதான். முன்புற அணுகு கோணம் 36, பின்புறம் 47 என்பவற்றோடு ஒப்பிட்டால் இதுவே அதன் மெலிந்த இடம். அங்கே லிஃப்ட் உதவும். அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் எவரும் சொல்வதில்லை.

ஜிம்னியின் உடலை உயர்த்தும்போது அச்சைப் பிடித்திருக்கும் கைகளின் சாய்வு மாறுகிறது. அதனோடு காஸ்டர் கோணம் குறைகிறது. ஸ்டீரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் இயல்பு மங்கி, வேகத்தில் வண்டி அலைபாய்கிறது. அச்சைப் பக்கவாட்டில் கட்டியிருக்கும் தண்டின் கோணம் மாறுவதால் அச்சே சற்று ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. பிரேக் குழாய்களின் நீளம் போதுமா என்பது தனிக் கேள்வி. இவற்றையெல்லாம் சரிசெய்யும் உறுப்புகளும் சேர்ந்தால்தான் அது முழுமையான கிட். ஸ்பிரிங்கும் டேம்பரும் மட்டும் பாதிக் கிட். தாரின் முன்புறமோ ஒவ்வொரு சக்கரமும் தனித்தியங்கும் வகை. அங்கே ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் இணைப்புகள் எப்போதும் கூடுதல் மடிப்பில் சுழன்று தேய்கின்றன. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கும் தூரமும் குறைகிறது. பள்ளத்தில் இறங்கத்தானே அந்த வண்டியை வாங்கினோம்? 'இரண்டு அங்குலம்' என்று இரு வண்டிகளுக்கும் ஒரே சொல்லால் விற்கப்படுபவை இரு வேறு அறுவைச் சிகிச்சைகள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வண்டி பின்புறம் தாழ்ந்தால் 'ஷாக் போய்விட்டது' என்பார்கள். சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். டேம்பரின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. கணக்கற்ற சிறு குழிகள் மீது மணிக்கணக்கில் ஓடும்போது டேம்பருக்குள் எண்ணெய் சூடேறி அதன் அடக்கும் ஆற்றல் குறைகிறது. ஆகவே தொழிற்சாலை உயரத்தை மாற்றாமல் தரமான டேம்பர் மட்டும் போடுவது, கடைக்காரருக்கு இலாபம் குறைந்ததும் பயணிக்குப் பயன் மிகுந்ததுமான மேம்பாடு. கடினமான ஸ்பிரிங், சுமை இல்லாதபோது முதுகெலும்பைப் பதம் பார்க்கும். பழைய ஜிப்ஸியின் பட்டை ஸ்பிரிங்கில் பின் இருக்கையில் பயணித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது எடைக் கணக்கு. ஜிம்னியின் வெற்று எடை வகையைப் பொறுத்து 1,195 முதல் 1,210 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. மிஞ்சுவது 335 முதல் 350 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்று நான்கு பேர் அமர்ந்தாலே 260 ஆகிவிடும். ஒலிப்பதிவுக் கருவிகள், மின்கலங்கள், படுக்கைப் பைகள், உணவு, தண்ணீர் எல்லாம் எஞ்சிய எடைக்குள் அடங்கவேண்டும். இதன்மேல் இரும்புப் பம்பர், வின்ச், கூரைத் தட்டு, கூரைக் கூடாரம் என்று 'மேம்படுத்தினால்' ஒவ்வொரு மேம்பாடும் ஒருவரை இறக்கிவிட்டே ஏறுகிறது. கூரைமேல் ஏற்றும் எடை ஈர்ப்பு மையத்தையும் உயர்த்துகிறது. லிஃப்டும் அதையே செய்கிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு என்று சாய்ந்து கிடக்கும் பாதையில் இவ்விரண்டும் சேர்வதை நான் விரும்பமாட்டேன்.

அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள் யார் என்பதையும் எண்ணிப்பாருங்கள். எங்கள் ஆய்வுக்கு மொழியைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். கிராமம் விட்டுக் கிராமம் உறவினரைக் காணவும், காஸாவில் மருத்துவரைப் பார்க்கவும் அவர்கள் எங்களோடு வருவார்கள். முழங்கால் வலியோடு இருக்கும் ஒரு பாட்டிக்கு இரண்டு அங்குலம் என்பது சிறிய அளவன்று. லிஃப்ட் கிட் பற்றிய காணொளிகளில் ஏறும் படியின் உயரத்தைக் குறித்து ஒருவர்கூடப் பேசி நான் கேட்டதில்லை.

கிராம்ஃபூவிலிருந்து பாதல் வழியாகக் குன்சும் கணவாய்க்கு ஏறும் வழியை மூன்று பருவங்களாக வாடகை வண்டிகளில் கடந்துவருகிறேன். நகரத்துக் கடைக்காரர் 'ஆஃப்-ரோடு' என்று அழைக்கும் அந்தப் பாறைப்படுகை அரசு ஆவணத்தில் தேசிய நெடுஞ்சாலை 505. அங்குள்ளோர்க்கு அது சாலைதான். சாலைக்கு வெளியே என்ற பெயர் தொலைவிலிருந்து பார்ப்பவர் இட்டது. பருவகாலத்தில் மாநிலப் போக்குவரத்துப் பேருந்தும் அவ்வழியே காஸாவுக்குப் போகிறது. பனிப்பாறை உருகி ஓடைகளில் பிற்பகலில் நீர் பெருகும் என்பதால் ஓட்டுநர்கள் விடியலிலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். இரண்டு அங்குலம் தரும் துணிவைவிட அந்த மூன்று மணி நேர முன்னேற்பாடு வண்டியை அதிகம் காக்கிறது.

அங்கே மெய்யாகவே கைகொடுப்பது டயரும் காற்றும். கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 பவுண்டு குறைவு. ஆகவே தில்லியில் 30 வைத்த டயர், குளிர் ஓரளவு குறைத்தாலும், மேலே அதற்கும் கூடுதலாகக் காட்டும். கல்லாய் இறுகிக் குதிக்கும். காற்றைக் குறைத்தால் டயர் தரையைக் கவ்வும், அதிர்வும் தணியும். இறங்கியபின் மீண்டும் நிரப்ப ஒரு சிறு கம்ப்ரசர் போதும். டயரைப் பெரிதாக்குவதிலும் அளவு வேண்டும். ஜிம்னிக்கு 235/75 ஆர்15 போட்டால் அச்சு 20 மில்லிமீட்டர் உயரும். ஆனால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 63.5இல் ஓடும், கியர் விகிதமும் அந்த அளவுக்கு நீளும். டர்போ இல்லாத அதன் பெட்ரோல் எஞ்சின் அவ்வுயரத்தில் தன் 105 குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கை ஏற்கெனவே இழந்திருக்கும். எஞ்சியதையும் டயருக்குத் தாரைவார்க்கவேண்டாம். தொழிற்சாலை அளவிலேயே கரடுமுரடான பாதைக்கு உரிய நல்ல டயர் ஐந்து. அதுவே ஆல்ஃபாவுக்குக் கொடுக்காமல் மிச்சம்பிடித்த பணத்துக்கு ஏற்ற செலவு.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. சாலையில் எவரும் பிடிப்பதில்லை என்பது உண்மையே. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் வண்டியை ஆராயும்போதுதான் அந்த இரண்டு அங்குலம் பேசத் தொடங்கும். உதவித்தொகையில் வாழ்பவர்கள் ஏற்கத்தக்க ஆபத்து அன்று அது.

ஆகவே நண்பர்கள் இருவருக்கும்: ஸீட்டாவை எடுங்கள். முதல் பயணத்துக்குப் புறப்படும் நாளில் நான்கு பேரும் கருவிகளும் முழு டேங்க் பெட்ரோலுமாக வண்டியை ஓர் எடைமேடையில் ஏற்றுங்கள். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். 1,545க்குள் இருந்து, பின்புறம் மட்டும் மிகத் தாழ்ந்து நின்றால், அந்தச் சுமைக்கென வகுத்த, உயரம் கூட்டாத பின் ஸ்பிரிங்குகளைத் தேடலாம். அந்த எண்ணைத் தாண்டினால் எந்த ஸ்பிரிங்கும் அனுமதியை உயர்த்தாது. பொருளை இறக்கவேண்டும், அல்லது ஒருவர் பேருந்தில் வரவேண்டும். காஸா பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைக்குமானால் அந்த ஒருவராக இருக்க எனக்குச் சம்மதம்.