வியட்நாமுக்குப் போயும் பனீர் பட்டர் மசாலாவா?

முதல்லயே சொல்லிடறேன். வியட்நாமுக்குப் போய் மூணு வேளையும் இந்தியன் ரெஸ்டாரண்ட்ல சாப்பிட்டுட்டு வர்றதும், திருப்பதிக்குப் போய் மொட்டை மட்டும் போட்டுட்டு சாமி பார்க்காம இறங்கி வர்றதும் ஒண்ணுதான்.

குர்காவ்ன்ல (சரி, 2016லேருந்து குருகிராம்) பொட்டி தட்டுற எனக்கு இந்த விஷயத்துல கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. காரணம் இருக்கு. 2019 கடைசியில டெல்லியிலேருந்து நேரடி விமானம் வந்தது. கொரோனா காலம் போக, அதுலேருந்து ஆபீஸ்ல ஆளாளுக்கு ஹனாய், ஹாலோங் பே, டா நாங்னு கிளம்பிடறாங்க. திரும்பி வந்ததும் "எப்படி இருந்தது?"னு கேட்டா, "இடமெல்லாம் சூப்பர், சாப்பாடுதான் ஒரே நாத்தம். நல்லவேளை, டூர்காரன் தினமும் தால், ரொட்டி, பனீர் ஏற்பாடு பண்ணிட்டான்"னு பதில். இதே ஆளுங்கதான் வருஷக்கணக்கா என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் சாவலா?"னு சிரிக்கிறவங்க. வாயில வைக்காமலே ஒரு ஊர் சாப்பாட்டுக்குத் தீர்ப்பு எழுதினா எப்படி இருக்கும்னு, வேலைக்காக வடக்கே வந்த எந்தத் தமிழனுக்கும் தெரியும். அதனால நாமளாவது அதைச் செய்யக் கூடாது. இதுதான் என் கட்சி.

ஆனா நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. டா நாங் ஓட்டல்ல என் பக்கத்து அறைக் குடும்பம் ஊர்லேருந்து ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டு வந்திருந்தது. புளிக்காய்ச்சல் மேல எனக்கு விரோதம் எதுவும் இல்ல. ஆனா அந்த ஊர்ல இறங்கின ஒருத்தருக்கு அது தேவையே இல்ல. ஏன்னா, இந்தியாவுலேயே வியட்நாம் சாப்பாடு சுலபமா பிடிபடணும்னா அது நம்ம மாதிரி அரிசிக்காரங்களுக்குத்தான்.

'பூன்'னு ஒண்ணு. ஊறவெச்ச அரிசியை அரைச்ச மாவை, ஓட்டை அச்சு வழியா கொதிக்கிற தண்ணிக்குள்ள பிழியறாங்க. நம்ம இடியாப்பத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. 'பான் ட்ராங்'னு இன்னொண்ணு. கொதிக்கிற பானை வாயில துணியைக் கட்டி, அதுமேல அரிசிமாவை மெல்லிசா ஊத்தி, ஆவியில வேகவெச்சு, மூங்கில் தட்டியில வெயில்ல காயப் போடறாங்க. இலை வடாம் போட்ட நம்ம பாட்டிங்க பார்த்தா, பக்கத்துல உட்கார்ந்து கை கொடுப்பாங்க. 'பான் செயோ'ன்னா அரிசிமாவுல மஞ்சள்தூள் போட்டு, தெற்குப் பக்கம் தேங்காய்ப்பாலும் விட்டு, சூடான சட்டியில ஊத்தற தோசை. மாவு விழும்போது வர்ற 'சொய்ங்' சத்தம்தான் அதுக்குப் பேரே!

வித்தியாசம் எங்கேன்னா, நாம வாசனை சாமானையெல்லாம் சட்டிக்குள்ளயே போட்டு முடிச்சுடறோம். அவங்க பாதியைத் தட்டுக்கு விட்டு வைக்கறாங்க. புதினா, கொத்தமல்லி, துளசி ஜாதி இலைன்னு ஒரு கூடை பச்சையா வரும். கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, மிளகாய் சேர்த்து, நீங்களேதான் ருசியை முடிக்கணும். ஃபோ சூப்புல பட்டை, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம் எல்லாம் இருக்கு. கிட்டத்தட்ட நம்ம பிரியாணி சாமான்தான். ஆனா எலும்போட மணிக்கணக்கா கொதிச்சு, வாசனையா மட்டும் நிக்குது. அப்புறம், ஹனாய்க்காரங்க ஃபோவை அதிகம் அலங்காரம் பண்ணாம சாப்பிடுவாங்க. சைகோன் பக்கம் முளைப்பயறு, துளசி, சாஸ்னு அள்ளிப் போடுவாங்க. எது உசத்தின்னு வடக்கு தெற்கு சண்டை அங்கேயும் உண்டு :-)

சரி, அந்த 'நாத்தம்'? நெத்திலியையும் உப்பையும் சேர்த்து மாசக்கணக்கா ஊறவெச்சு இறக்கற மீன் சாறு அது. ஃபூ கோக் தீவு இதுக்குப் பேர் போனது. கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு நாக்குல எச்சில் ஊறற நாம இதுக்கு மூக்கைப் பொத்தலாமா? வெள்ளைக்காரன் நம்ம பெருங்காயத்தைப் பத்தி என்ன சொல்றான்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க.

"நான் சுத்த சைவம், நான் என்ன பண்றது?"ன்னு ஒரு நியாயமான கேள்வி வரும். வெறும் காய் வதக்கல்ல கூட மீன் சாறு இருக்கும், அது உண்மை. அதுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும்: 'சாய்'. டெல்லியில அதுக்கு டீ, அங்கே அதுக்கு சைவம். பௌத்தக் குடும்பங்கள் பல சந்திர மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும், அதாவது நம்ம கணக்குல அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம் சாப்பிடறாங்க. அதனால 'கொம் சாய்'னு போர்டு போட்ட கடைங்க ஊர் ஊருக்கு இருக்கு. வெங்காயம், பூண்டு கூட சேர்க்காத கடையும் உண்டு. இது தெரியாம ஒரு வாரம் பூரா தால் தின்னுட்டு வர்றது, கண்ணைக் கட்டிக்கிட்டு ஊர் சுத்தற மாதிரி.

காபியையும் சொல்லணும். பிரேசிலுக்கு அடுத்து உலகத்துல அதிகமா காபி விளையறது அங்கேதான். 'ஃபின்'னு ஒரு குட்டி பில்டர்ல டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டா இறங்கும், கீழே கண்டென்ஸ்டு மில்க். கும்பகோணத்துக்காரர் யாராவது குடிச்சா சண்டை போடுவார், ஆனா டம்ளரைக் கீழே வைக்க மாட்டார்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது, முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல். நடைபாதைதான் டைனிங் ஹால். ஆபீசரும் கூலிக்காரரும் ஒரே உயரத்துல குந்தி, ஒரே கிண்ணத்துல சாப்பிடறாங்க. பல கடையில ஒரே ஒரு அயிட்டம்தான், அதையே வருஷக்கணக்கா செஞ்ச கை. 2016ல ஒபாமா ஹனாய்ல பூன் சா சாப்பிட்டதும் இந்த மாதிரி பிளாஸ்டிக் ஸ்டூல்லதான். அன்னிக்கு பில் ஆறு டாலர்னு கூட உட்கார்ந்து சாப்பிட்ட அந்தோணி போர்டெய்ன் சொன்னார். ஏசி பஸ்ல ஏறி இந்தியன் ரெஸ்டாரண்ட் வாசல்ல இறங்கறவங்களுக்கு இந்த ஊர் கண்ணுலயே படாது.

வயசானவங்க, குழந்தைங்க கூட இருந்தா ஒருவேளை நம்ம சாப்பாடு சாப்பிடுங்க, தப்பே இல்ல. நான் திட்டறது மூணு வேளையையும் முன்கூட்டியே அடைச்சு வைக்கற பேக்கேஜை. சாப்பாடு சேர்க்காத டூரா எடுங்க. காலையில ஆறு மணிக்கு வெளியே நடங்க. கூட்டம் எங்கேயோ அங்கே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. பக்கத்துல இருக்கறவர் கிண்ணத்தைக் காட்டி ஒரு விரல் நீட்டுங்க. மீதியை அந்த அக்கா பார்த்துப்பாங்க.