பட்டை போட்டா பிரேக் பிடிக்குமா?

ஊர்ல இருக்கிற மச்சான் பிக்கப் வாங்கப் போறார், உங்ககிட்ட ஜாமீன் கையெழுத்து கேக்குறார்னு வைங்க. பெங்களூர்ல சம்பளக்காரனா இருந்தா இது வந்தே தீரும். வட்டி எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, "பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை போடுற எண்ணம் இருக்கா?"ன்னு கேளுங்க. சிரிக்காதீங்க, வங்கிக்காரன் சொல்றேன்.

1.7 டன் போலேரோ பிக்கப்பை ஷோரூம்ல இருந்து எடுத்ததும் நேரா பட்டறை. ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை சொருகியாச்சு, இனி மூணு டன் தாங்குமாம். தாங்கும்... பட்டை மட்டும்! ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் கம்பெனி கொடுத்ததுதானே? மொத்த எடை ஒன்றரை மடங்கு ஆனா, அதே வேகத்துல நிறுத்த பிரேக் விழுங்குற சூடும் ஒன்றரை மடங்கு. சேலம் போறப்போ தொப்பூர் இறக்கத்துல நினைச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. சில வண்டிகள்ல பின்பக்கம் எவ்வளவு அமுங்குதுன்னு பார்த்து பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்ப ஒரு வால்வு உண்டு. பட்டை போட்டு விறைப்பாக்கினா வண்டி அமுங்காது. வால்வு லோடு கம்மின்னு நம்பி அழுத்தத்தைக் குறைச்சுடும். அமுங்குறதுதான் வண்டி போடுற கூச்சல், நாம காசு கொடுத்து அதோட வாயை அடைக்கிறோம்.

(தொய்ஞ்சு போன பட்டையை அதே அளவுல மாத்துறது வேற. அதுக்கு நான் எதிரி இல்லை.)

பட்டை போட்டதால ஆர்.சி.யில ஒரு கிலோகூட ஏறாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இந்த மாதிரி மாற்றத்துக்குக் கடிவாளம் போடுது. 194வது பிரிவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை இறக்காம வண்டி நகரக் கூடாது. விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் கேக்குற முதல் கேள்வியும் இதுவாத்தான் இருக்கும். தவணையோ ஜாமீன்தாரர் தலையில.

"1.7 டன் ஏத்தினா தவணை கட்டி வராது சார்"ங்கிறாங்க. உண்மைதான். அப்போ கோளாறு வாடகையில, இல்லைன்னா கடன் தொகையில. பட்டையில இல்லை. ஆர்.சி. எடைக்குக் கணக்குப் போட்டுத் தவணை இடிக்குதுன்னா அந்தக் கடனே கொடுக்கக் கூடாது. நாமளும் சும்மாவா? வீடு மாத்துறப்போ பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில், மாமியாரோட கிரைண்டர் வரைக்கும் "ஒரே டிரிப்ல முடிச்சுடுங்க அண்ணா"ன்னு நச்சரிக்கிறது யாரு? அந்த ரெண்டாவது டிரிப் காசை மிச்சம் பிடிக்கத்தான் அவர் பட்டறைக்குப் போறார்.

என் மச்சான்கிட்டயும் கொட்டேஷனோட லோடு கணக்கையும் எழுதிக் கேட்டேன். கோவிச்சுக்கிட்டார். கோவிச்சுக்கட்டும், கையெழுத்து என்னோடதாச்சே.