பெரிய படிப்புப் பிள்ளைகளும் ஒரு குடியானவரும்

டோனா டார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் முதல் நாவல் ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’. 1992இல் வந்தது. முதல் அச்சிலேயே 75,000 பிரதிகள் போட்டார்கள். நம் ஊரில் முதல் நாவல் ஐந்நூறு பிரதி விற்றால் அதற்கு ஒரு பாராட்டு விழாவும், விழாவில் ஒரு சண்டையும் நடக்கும். அவர் அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் எழுதினார். 2002இல் ஒன்று, 2013இல் ஒன்று. மூன்றாவதற்கு புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆனாலும் வாசகர்கள் இன்றுவரை கட்சி கட்டிப் பேசுவது முதல் நாவலைப் பற்றித்தான்.

வெர்மாண்ட் மலைப்பகுதியில் ஒரு சிறு கல்லூரி. டார்ட் படித்த பென்னிங்டன் கல்லூரியின் சாயல் அதில் உண்டு என்பார்கள். அங்கே பண்டைய கிரேக்கம் படிக்கும் ஐந்து பேர், ஒரே பேராசிரியர், வெளி ஆள் நுழைய முடியாத வட்டம். ஆறாவதாக ரிச்சர்ட் என்ற ஏழைப் பையன் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறான். அவன்தான் கதை சொல்கிறான். அந்த ஐவரில் நால்வர், பழைய கிரேக்கர் போல டயோனிசஸ் தெய்வத்தை வரவழைக்கிறேன் பேர்வழி என்று ராத்திரி காட்டுக்குள் வெறியாட்டம் ஆடுகிறார்கள். அந்த வெறியில், தன் நிலத்தில் நின்ற ஒரு விவசாயி செத்துப்போகிறார். விஷயம் தெரிந்துகொண்ட பன்னி என்ற நண்பன் அதைச் சொல்லிச் சொல்லியே அவர்களைக் கறக்கிறான். கடைசியில் அவனையும் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள்.

இந்த நாவலைக் கொல்லிமலையில் இரண்டு பேருக்குப் படிக்கக் கொடுத்தேன். படிக்க முடியாத ஒருவருக்குக் கதையாகச் சொன்னேன்.

செம்மேட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் முதல் பக்கத்திலேயே முகம் சுளித்தார். “யார் செத்தான், யார் கொன்னாங்கன்னு எடுத்த எடுப்புலயே சொல்லிட்டா அப்புறம் எதுக்கு ஐந்நூறு பக்கம்?” துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம் என்றேன். “கூத்துல கட்டியங்காரன் இருக்கான், சிரிப்பு காட்டுவான். இதுல ஒருத்தனும் உருப்படியில்ல” என்று புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டார். கதாபாத்திரங்கள் யாரையும் பிடிக்கவில்லை என்பது இந்த நாவலைப் பற்றி உலகம் முழுக்க உள்ள புகார்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாவல் என்ன, பெண் பார்க்கும் படலமா, ஆளைப் பிடித்திருக்கிறதா என்று கேட்க?

சேலத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் ஒரு மலைப்பெண் ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டது கொலை இல்லை. ரிச்சர்டின் அப்பா கலிபோர்னியாவில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். அவனோ நீச்சல் குளம், ஆரஞ்சுத் தோட்டம், சினிமாக்காரப் பெற்றோர் என்று ஒரு குடும்பத்தையே கட்டி எழுப்பி நண்பர்களிடம் சொல்லிவைக்கிறான். குளிர்கால விடுமுறையில் தங்க இடமில்லை, கையில் காசில்லை. கூரையில் ஓட்டை விழுந்த ஓர் அறையில் பனியில் விறைத்துச் சாகக் கிடக்கிறானே தவிர, எனக்கு வழியில்லை என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

“ஹாஸ்டல்ல எந்த ஊருன்னு கேட்டப்ப சேந்தமங்கலம்னுதான் சார் சொன்னேன். முதல் வருஷம் முழுக்க அப்படித்தான்” என்றாள். மலை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஊருக்குப் போகிற பஸ்ஸைக்கூட மறைக்க வேண்டியிருந்ததாம். “ரிச்சர்ட் கொலைக்குத் துணை போனது தப்புதான். ஆனா அவங்க கூட்டத்துல ஒரு இடம் கிடைச்சதுக்கு அவன் கொடுத்த விலைதான் சார் அது. அந்தக் கணக்கு எனக்குப் புரியுது.” ஆங்கிலத்தில் இந்த நாவலைப் பற்றி நான் படித்த மதிப்புரைகளில் பாதி, கிரேக்கத்தையும் அழகையும் பேசுகின்றன. இவள் பேசியது இடம் கிடைப்பதைப் பற்றி. எனக்கு இவள் சொன்னதுதான் பெரிதாகப் படுகிறது.

அழகு பற்றிப் பேச இந்த மலைக்கும் உரிமை உண்டு. நற்றிணையும் குறுந்தொகையும் பாடும் கொல்லிப்பாவை இங்கேதான். சிரித்து மயக்கி, கிட்டே வந்தவனைக் கொன்றுவிடும் பாவை என்று கதை. ரிச்சர்ட் கிட்டே போனவன்; ஆனால் கொல்லப்பட்டவர்கள் வேறு இருவர். பாவை கதையில் இந்தக் கோணல் கிடையாது.

மூன்றாவது ஆள் சோளக்காடு சந்தையில் அன்னாசியும் மிளகும் விற்கும் அக்கா. வியாபாரம் மந்தமான ஒரு மதியம் கதையைச் சொன்னேன். வெறியாட்டம் வரை ஊம் கொட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“சாமி வந்துச்சுன்னு சொல்றாங்களா? யார் முன்னால வந்துச்சு?”

“யாரும் இல்ல. காட்டுக்குள்ள, ரகசியமா.”

“எங்க ஊர்ல சாமி வந்தா மேளம் அடிப்போம். ஊரே நின்னு பார்க்கும். எந்தச் சாமி, என்ன குறைன்னு நிக்க வச்சுக் கேட்போம். ஆளில்லாத இடத்துல வந்தா அது சாமியா தம்பி?”

மிச்சக் கதையையும் சொன்னேன். பன்னி செத்தது, பனி பெய்து பிணத்தை மூடியது, ஊரெல்லாம் திரண்டு தேடியது, சவ அடக்கம், நண்பர்கள் ஒவ்வொருவராகச் சிதைந்துபோனது எல்லாம். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தக் குடியானவன் செத்ததுக்கு யாரு கேட்டாங்க? அவன் பொண்டாட்டி புள்ள என்ன ஆச்சு?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நாவலிலும் இல்லை. அந்த விவசாயி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தியாக வந்து மறைகிறார். பன்னிக்குப் பக்கம் பக்கமாக இறுதிச் சடங்கு இருக்கிறது. இவருக்கு ஒரு பாடைகூட இல்லை. நானும் புத்தகத்தை மூடியபோது அவரைப் பற்றி நினைக்கவில்லை. அக்காவுக்கு நினைக்காமல் இருக்க முடியாது. சனி ஞாயிறு ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கூட்டம் கூட்டமாக இளவட்டங்கள் பைக்கில் வருகிறார்கள். பாட்டிலை உடைத்து வயலில் போட்டுவிட்டுப் போகிறார்கள். திங்கட்கிழமை சாமைக் காட்டில் கண்ணாடித் துண்டு பொறுக்குவது அக்கா போன்றவர்கள்தான்.

டார்ட் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார் என்று வாதாடலாம். சொல்பவன் ரிச்சர்ட், அவன் கண்ணுக்குப் பணக்கார நண்பன்தான் தெரிவான், உழவன் தெரியமாட்டான் என்று. சரியான வாதம்தான். ஆனால் இந்த நாவலைக் கொண்டாடும் வாசகர்களுக்கும் அவர் தெரிவதில்லையே.

கொல்லிமலை இருக்கும் இதே நாமக்கல் மாவட்டத்துக்காரரான எழுத்தாளர் பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’ 1991இல், டார்ட்டுக்கு ஒரு வருடம் முன்னால் வந்தது. குடியிருப்புக் கட்ட அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபின் ஓர் உழவர் குடும்பம் உள்ளுக்குள் சிதையும் கதை. அங்கே துண்டுச் செய்தியாகிப் போகிறவர் இங்கே கதையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ கெட்டிக்காரத்தனமான நாவல், கீழே வைக்க முடியாத நாவல். அந்தக் குடியானவர் வீட்டு வாசலுக்கு ஒரு அத்தியாயம் போய் வந்திருந்தால் பெரிய நாவலாகியிருக்கும் என்பது என் தீர்ப்பு. மலையிலிருந்து இறங்கிப் படிக்கப் போய், ஹாஸ்டலில் ஊர்ப்பெயரை மாற்றிச் சொன்ன பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அதை எழுதுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு முதல் நாவல்.