திருப்பும்போது ‘கட் கட்’ என்கிறதா?



மே மாத விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்ல ஆயத்தமாகும் குடும்பங்கள் நம்மில் அநேகம் உண்டு. ரயிலில் இடம் கிடைக்காதபோது, வாசலில் நிற்கும் பழைய மாருதி 800 காரிலேயே புறப்பட்டுவிடுகிறோம். குஷாய்குடாவிலிருந்து கர்னூல், அனந்தப்பூர், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி சேர ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். அந்தத் தூரம் முழுவதும் உங்கள் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் முன்சக்கரங்களைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காரின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உற்பத்தி முடிந்தது. ஆனால் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் நிமித்தம், ஹைதராபாத் உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரல் முதலே இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆகையால் இந்த நகரத்தில் புதிதாக வாங்கப்பட்ட எந்த மாருதி 800-உம் இன்று 15 வருடங்களைக் கடந்துவிட்டது. பதிவைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். புதுப்பித்தால் ஐந்து வருடங்களுக்குச் செல்லும்.

இந்த காரில் இன்ஜினின் விசை முன்சக்கரங்களுக்கே செல்கிறது. அதே சக்கரங்கள்தாம் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். நேரான இரும்புத் தண்டு இதற்கு உதவாது. டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையில் ஒரு கிண்ணம். அதனுள் பள்ளங்களில் உருளும் ஆறு எஃகு உருண்டைகள். சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் சுழலும் வேகம் குறையாமலும் கூடாமலும் இவை காக்கின்றன. இதுவே சி.வி. ஜாயிண்ட். 1920-களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஜெப்பா வகுத்த அமைப்பு; 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி காருக்குப் பின் உலகெங்கும் சிறிய கார்களில் பரவியது.

இத்தனை நுட்பத்தையும் காப்பது ஒரு ரப்பர் உறை. மெக்கானிக்குகள் அதை ‘பூட்’ என்பார்கள். அது கிழிந்தால் கிரீஸ் சிதறி வெளியேறும். மணலும் மழைநீரும் உள்ளே புகும். பின்பு உருண்டைகளும் பள்ளங்களும் தேய்ந்து, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி நகரும்போது ‘கட் கட்’ என்று ஒலிக்கும். ஒலி வருமுன் உறையை மாற்றினால் செலவு சொற்பம். வந்தபின் மாற்றினால் பலனில்லை, ஜாயிண்டையே மாற்ற வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தில் கரிய கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பது பெரிய வேலையா?

ஹப் பேரிங்கின் குரல் வேறு. வேகம் கூடக் கூட ஆகாய விமானம் தொலைவில் செல்வதுபோல் ஒரு முழக்கம் வளரும். காரை இடப்புறம் சாய்த்துத் திருப்பும்போது முழக்கம் மிகுந்தால், பாரம் விழும் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகியுங்கள். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள்.

இந்த விஷயத்தில் என் அனுபவம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், சிக்கனம் கருதி நானே முன்சக்கர பேரிங்கை மாற்றினேன். பிரஸ் இல்லை; சுத்தியலால் உள்வளையத்தின்மேல் தட்டித் தட்டி ஏற்றினேன். வேலை முடிந்ததும் பெருமைக்குக் குறைவில்லை. அடுத்த வாரமே ஊருக்குப் புறப்பட்டோம். கர்னூலைக் கடந்ததும் முழக்கம் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் ஹப் தொட முடியாத சூடு. பகல் வெயிலில் என் மனைவியும் பிள்ளைகளும் நான்கு மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்திருந்தனர். பேரிங்கைக் கழற்றிய மெக்கானிக் அதன் பாதையில் வரிசையாக விழுந்திருந்த குழிகளைக் காட்டினார். என் சுத்தியல் அடிகளின் கணக்கு அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை.

எனவே நக்கிளைக் கழற்றுவது வரை நீங்கள் செய்யுங்கள். பேரிங் ஏற்றுவதை பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொடுங்கள். நமது தொழிற்பேட்டையில் அதற்குப் பஞ்சமில்லை. நக்கிளுக்குள் ஏற்றும்போது விசை வெளிவளையத்தின்மேல் விழ வேண்டும். ஹப்பை நுழைக்கும்போது உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அருகில் நின்று கவனியுங்கள். பக்கத்து மௌலாலியில் எச்.எம்.டி. பேரிங்ஸ் ஆலை இயங்கிய காலம் உண்டு. 2016 ஜனவரியில் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்று பேரிங்குக்கு ராணிகஞ்ச் கடைகளுக்குத்தான் செல்ல வேண்டும். போலிச் சரக்கு உலவுவதால், பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைக் காட்டி, ரசீதோடு வாங்குங்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முறைக்கு வருகிறேன். நடுவிலுள்ள பெரிய நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட் பிரேக் போட்டு, நீண்ட குழாய் செருகிய ஸ்பானரால் தளர்த்துங்கள். தூக்கியபின் தளர்த்த முயன்றால் கார் ஜாக்கியிலிருந்து சரியலாம். ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருபோதும் கீழே படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வையுங்கள், அடுக்கிய செங்கல் வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயிலை முன்னதாகவே வடித்துவிடுங்கள். காலிப்பரை அதன் பிரேக் குழாயிலேயே தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். கீழ் ஆர்மின் பால் ஜாயிண்ட்டைப் பிரித்து நக்கிளை வெளியே இழுத்தால், ஷாஃப்டின் வெளிமுனை ஹப்பிலிருந்து விடுபடும். வராவிட்டால் மரையின்மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். பழைய நட்டைப் பாதி ஏற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். உள்முனையைக் கியர்பாக்ஸிலிருந்து நெம்பும்போது ஆயில் சீலைக் கீறிவிடாதிருங்கள்.

உறைகள் இரண்டையும் உள் ஜாயிண்டின் பக்கமாக ஏற்றுவதே எளிது. வெளி ஜாயிண்டைப் பிரிக்க வேண்டாம். சாதாரண சக்கர கிரீஸ் உதவாது. ஜாயிண்டுக்கென்றே உள்ள மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸை இடுங்கள். மாட்டும்போது நட்டை டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பின் துளை ஒத்து வராவிட்டால் சிறிது கூட்டி இறுக்கலாம்; தளர்த்தக் கூடாது. காட்டர் பின் புதிதாகவே இருக்கட்டும். வடித்த ஆயிலுக்குப் பதிலாகப் புதிய ஆயில் ஊற்றினீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். மறந்தால் கியர்பாக்ஸே போய்விடும்.

பின்பு காலி மைதானம் ஒன்றில் ஸ்டீயரிங்கை முழுவதும் இடப்புறம் திருப்பி மெதுவாக வட்டமிடுங்கள், அவ்வாறே வலப்புறமும். கண்ணாடிகளை இறக்கி, பிள்ளைகளைப் பேசாதிருக்கச் சொல்லிக் கேளுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்த்து, அதன்பிறகு பெட்டிகளைக் கட்டத் தொடங்குங்கள்.