மருத்துவத்தின் ஐந்தாங் கூறு

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பத்திராதிபர் பணித்தபோது, கல்லூரித் தாயின் புகழை எடுத்துரைப்பதா, பள்ளிப் பருவத்து நினைவுகளை மீட்பதா எனச் சிறிது மயங்கினேன். புகழுரைப்பார் பலர் உளர். நினைவு கூர்வாரும் பலர் உளர். ஆதலின், விழா ஆரவாரத்தினிடையே சொல்லப்படாது போய்விடக்கூடிய ஒன்றையே சொல்லத் துணிந்தேன். கசப்பாயினும் மருந்தெனக் கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.

நம் கல்லூரி ஈன்ற வைத்தியர்களை எண்ணிப் பெருமை கொள்வது நம் வழக்கம். பரிசளிப்பு விழாத்தோறும் அதிபரின் அறிக்கையிலே, மருத்துவபீடம் புகுந்தோர் தொகை முன்னிடம் பெறுகின்றது. அது பெருமைக்குரியதே. ஆனால், அவர்களுள் எத்தனை பேர் தாம் கற்ற மருத்துவத்திற் புதிதாக ஒன்றையேனும் சேர்த்தனர் என எவரும் கேட்பதில்லை. சேர்க்கவில்லையெனின், குற்றம் அவர்களுடையதா, அவர்களுக்கு வழி சமைக்காத நம்முடையதா என்றும் எவரும் கேட்பதில்லை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். அந்நான்கும் இன்றும் வேண்டும். ஆயின், கொடுக்கும் மருந்து மெய்யாகவே பயன் தருகின்றதா எனச் சோதித்தறிபவன் ஐந்தாங் கூறாக வந்து சேர்ந்துவிட்டான். ஆய்வுகூடத்திற் கண்டதை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவருவதும், கட்டிலருகே எழுந்த வினாவை முறைப்படி சோதிப்பதும், சோதித்தறிந்த உண்மையை ஊர் ஆஸ்பத்திரி வரையும் வழக்கமாக்குவதும் அவன் தொழில். அவனை ஆக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். தொழிலிற் புகுந்த புதிதில், வயல் சூழ்ந்த ஓர் ஊரின் ஆஸ்பத்திரியிற் பணியாற்றினேன். அரிவு வெட்டுக் காலத்திற் பாம்பு கடித்தோர் ஓயாது வருவர். விஷமுறிப்பு மருந்து உயிரைக் காக்கும். ஆயின் அம்மருந்தே சிலருக்கு நடுக்கமும் வாந்தியும் மூச்சுத்திணறலும் உண்டாக்கும். சிலருக்கு இரத்த அழுத்தமும் விழும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஓர் ஊசி போடுவது வழக்கம். எந்த ஊசி என்பதில் வைத்தியர்க்கு வைத்தியர் வேறுபட்டனர். காரணம் வினாவினால், "என் அனுபவம்" என்பதே எல்லோருடைய விடையும். யான் ஒரு கொப்பியில் இரண்டாண்டு காலம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறித்து வந்தேன். பின்பு அதனை ஒரு பேராசிரியரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் ஒரே வினாவைத்தான் கேட்டார்: "தம்பி, யாருக்கு எந்த ஊசி போடுவது என்பதை எப்படித் தீர்மானித்தீர்?" நோய் கடுமையானவர்க்கு ஒன்றும் மற்றையோர்க்கு வேறொன்றும் போட்டேன் என்றேன். "அப்படியானால் இந்தக் கொப்பி ஒன்றையும் நிறுவாது" என்று கூறி, அன்போடு அதைத் திருப்பித் தந்தார். எனக்கு எண்ணத் தெரிந்திருந்தது, ஒப்பிடத் தெரிந்திருக்கவில்லை. அதைக் கற்பிப்பாரும் அன்று எனக்கு வாய்க்கவில்லை.

யான் தவறவிட்ட அவ்வினாவை இந்நாட்டு வைத்தியர் பிறர் முறைப்படி எடுத்து ஆராய்ந்தனர். 1999ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 105 நோயாளர் எழுமாறாக இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குச் சிறிதளவு அதிரினலீன் ஊசியும், மறு பிரிவினர்க்கு மருந்தற்ற போலி ஊசியும் முன்கூட்டியே போடப்பட்டன. போலி ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 43 பேருக்கு ஒவ்வாமை தோன்ற, அதிரினலீன் பெற்றோரில் நூற்றுக்கு 11 பேருக்கே தோன்றிற்று. அத்தோடு அவர்கள் அமையவில்லை. இலங்கை ஆஸ்பத்திரிகளில் 1,007 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆராய்ச்சி 2011இல் வெளியாயிற்று. அதிரினலீன் கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு 43 பங்கு குறைத்தது எனவும், வழக்கமாகப் போடப்பட்டு வந்த ஐதரோகோட்டிசோனும் புரோமெதசினும் அவ்வாறு தடுக்கவில்லை எனவும் அது காட்டிற்று. பல்லாண்டு "அனுபவம்" எனப் போற்றப்பட்டது வெறும் பழக்கமே என்பது அன்று வெளிப்பட்டது.

2016இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று, ஓராண்டிலே இலங்கையில் 80,000க்கு மேற்பட்ட பாம்புக்கடிகளும் 400க்கு மேற்பட்ட மரணங்களும் நிகழ்வதாகக் கணித்தது. கடிபடுவோரிற் பலர் கமக்காரரும் கூலியாட்களும் ஆவர். இவர்களின் நோயை இலண்டனிலோ நியூயோர்க்கிலோ உள்ளவர் ஆராய்வார் எனக் காத்திருத்தல் பேதைமை. புடையனும் விரியனும் அவ்வூர்த் தெருக்களில் ஊர்வதில்லை. "ஏழை நாட்டுக்கு ஆராய்ச்சி எதற்கு? முதலில் நோயைத் தீர்ப்போம்" என்பாருக்கு இதுவே என் மறுமொழி. பயனற்ற ஊசிக்குச் செலவிட ஏழை நாட்டுக்குத்தான் பணம் இல்லை.

ஏழைமை தடையன்று, தூண்டுகோலே ஆகும் என்பதற்கு அயலிலே ஒரு சான்று உண்டு. 1956இற் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன கூடிக் காசநோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவின. நோயாளர் தொகை மிகுதி. சானற்றோரியக் கட்டில்களோ சில. ஆகவே, வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமா என்பது வினாவாயிற்று. 193 நோயாளர் எழுமாறாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சாரார் சானற்றோரியத்திலும் மறு சாரார் நெருக்கமான தம் வீடுகளிலும் ஓராண்டு மருந்துண்டனர். வீட்டிலிருந்தோர்க்கு ஊட்டமும் ஓய்வும் குறைவு. அவ்வாறிருந்தும் குணமடைதலில் இரு சாராரும் ஏறக்குறைய ஒத்திருந்தனர். வீட்டாருக்கு நோய் தொற்றும் அபாயமும் மிகவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு, காசநோயாளர் மாதக்கணக்கிற் குடும்பத்தைப் பிரிந்து கிடத்தல் வேண்டும் என்ற கொள்கையை உலகெங்கும் தளர்த்தியது. செல்வ நாடுகளும் ஏழை நகரொன்றினிடம் பாடங் கேட்டன.

இத்தகைய ஆராய்ச்சி தானாக முளைப்பதன்று. அதற்குப் பயிற்சி, பணம், கூடிப் பேசும் அவை என மூன்று வேண்டும்.

முதலாவது பயிற்சி. நோயை அறியும் கல்வி வேறு. வினாவைச் சோதிக்கும் கல்வி வேறு. எத்தனை நோயாளர் வேண்டும், எவ்வாறு பிரிப்பது, சம்மதம் எவ்வாறு பெறுவது, முடிவை எவ்வாறு கணிப்பது என்பன மூத்தார் ஒருவரின் அருகிருந்து கற்க வேண்டியவை. கற்பதற்குக் காலம் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் இளம் வைத்திய ஆராய்ச்சியாளருக்கு வழங்கும் கே-23 என்னும் நன்கொடை, பொதுவாக அவர் தம் தொழில் நேரத்தில் நாலில் மூன்று பங்கை ஆராய்ச்சிக்கென ஒதுக்குதல் வேண்டும் என விதிக்கின்றது. இங்கிலாந்திலும் பயிற்சி வைத்தியர் சிலருக்கு, அவர்தம் காலத்தில் நாலிலொரு பங்கை ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய பதவிகள் உள. நம் இளைஞரோ இரவுக் கடமை முடித்து, வெளிநோயாளரைப் பார்த்து, வீடு மீண்டபின் எஞ்சிய அரை மணியில் ஆராய்ச்சி செய்க என விடப்படுகின்றனர். களைத்தவன் கையில் வினா வளராது.

இரண்டாவது பணம். இந்நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது, மொத்தத் தேசிய உற்பத்தியிலே நூற்றுக்கு ஒன்றின் பத்திலொரு பங்கையொட்டியே பல ஆண்டுகளாக இருந்து வந்துள்ளது. தேசிய விஞ்ஞான மன்றம் போன்றன உதவுகின்றனவாயினும், முதன்முறை விண்ணப்பிக்கும் இளைஞன், முன்செய்த ஆராய்ச்சி பலவுடைய பேராசிரியரோடு போட்டியிடல் எளிதன்று. பெரும்பணம் பெறுவதற்கு முன்னே சிறுபணம் ஒன்று வேண்டும். ஒரு தாதியின் மேலதிக ஊதியம், புள்ளிவிபரவியலார் ஒருவரின் உதவி, இரசாயனப் பொருள் சில என இவற்றுக்குப் போதுமான விதைநெல்லே முதலிற் கிடைப்பதில்லை. 105 பேரின் ஆராய்ச்சி முந்தியே 1,007 பேரின் ஆராய்ச்சி பிந்தியது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது அவை. இலங்கை மருத்துவச் சங்கமும் யாழ்ப்பாண மருத்துவச் சங்கமும் ஆண்டுதோறும் கல்வி அமர்வுகள் நடத்துகின்றன. அவை வளர்க. ஆயினும் பொதுவாக நம் கூட்டங்களில் ஒரு குறை கண்டேன். மங்கல விளக்கேற்றலுக்கும் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் நேரம் தாராளம். இளைஞன் தன் ஆராய்ச்சியைக் கூறப் பத்து நிமிடம். அதில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்ட நேரமே இல்லை. முடிந்த ஆராய்ச்சியைப் பாராட்டுவதைவிட, தொடங்கா முன்பே திட்டத்தைக் கேட்டுத் திருத்துவது மேலானது. என் கொப்பியை முதல் மாதத்திலேயே அப்பேராசிரியர் கண்டிருப்பின், இரண்டாண்டு வீணாகியிராது. பலன் தராத சோதனைகளையும் நாணாமற் சொல்லும் அவை வேண்டும்; இன்றேல் ஒருவன் விழுந்த குழியில் மற்றொருவனும் விழுவான். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் நிறுவிய மருத்துவச் சோதனைப் பதிவேடு, சோதனைகளைத் தொடக்கத்திலேயே பகிரங்கமாகப் பதியச் செய்வதும் இத்தகைய நன்மை கருதியே.

நோயாளரைச் சோதனைப் பிராணிகளாக்குவதோ என அஞ்சுவோரும் உளர். அச்சம் நியாயமானது. ஆயினும் சோதித்தறியாத ஊசியை ஆண்டாண்டாகப் போட்டு வருவதும் ஒரு பரிசோதனையே. அதற்குச் சம்மதம் கேட்பாரும் இல்லை. முடிவைக் குறிப்பாரும் இல்லை. முறையான ஆராய்ச்சி, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் கேட்கின்றது. அறநெறிக் குழுவின் முன் கணக்குக் காட்டுகின்றது. இங்கே தமிழின் கடமையும் ஒன்றுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். அயல்நாட்டார் ஒருவர் அன்று செய்தது நமக்கு இயலாததன்று. ஒரு கமக்காரரிடம் அவர் உடம்பையே பற்றிச் சம்மதம் கேட்கும்போது, அவருக்கு விளங்காத சொல்லாற் கேட்பது சம்மதம் ஆகாது.

இனி நம் சங்கத்துக்கு என் விண்ணப்பம். யூபிலி நிதி சேர்கின்றது. தோரண வாயிலும் விளையாட்டு மைதானத்துக்கு மண்டபமும் எழும்ப இருக்கின்றன. அவற்றை யான் மறுக்கவில்லை. யானும் அம்மைதானத்தில் ஓடியவனே. ஆயின், சேரும் நிதியிற் பத்திலொரு பங்கையேனும் நிலையான முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு மூன்று காரியங்கள் செய்யலாம். ஆண்டுதோறும் வடக்கில் அல்லது கிழக்கிற் பணியாற்றும் இளம் வைத்தியர் அல்லது தாதி ஒருவருக்கு ஒரு சிறு ஆராய்ச்சிப் பரிசில் வழங்கலாம். அவர் நம் பழைய மாணவராய் இருத்தல் வேண்டியதில்லை. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவருள் ஆராய்ச்சியிற் தேர்ந்தோர் விடுமுறைக்கு வருங்கால், ஒரு வாரம் பயிற்சி வகுப்பு நடத்துமாறு அவர்களை அழைக்கலாம். பணம் அனுப்பும் அன்பர், வழிகாட்டலையும் அனுப்புவாராக. கல்லூரி மண்டபத்தில் ஆண்டுக்கொரு நாள், பொன்னாடையின்றி, திட்டங்களைக் கேட்டுத் திருத்தவும் முடிவுகளைப் பொதுமக்களுக்குத் தமிழில் எடுத்துரைக்கவும் ஓர் அவை கூட்டலாம்.

இதனால் உடனே புகழ் வாராது. கல்வெட்டிற் பெயர் பொறிக்கவும் இடம் இராது. பத்தாண்டு கழித்தும் காட்டுவதற்குச் சிறிதே இருத்தல் கூடும். எனினும், ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வினா சரியாகக் கேட்கப்பட்டு, ஒரு வீண் ஊசி நிறுத்தப்பட்டு, ஒரு கமக்காரர் உயிரோடு தம் வீட்டுப் படலையைத் திறப்பாராயின், அவர் அறியாமலே அதுவும் நம் கல்லூரி எழுப்பிய மண்டபமாகும்.

அன்பு மாணவர்காள்! மருத்துவபீடம் புகுந்தோர் பட்டியலில் உங்கள் பெயரும் வரக் கடவது. அன்றோடு கற்றல் முடிந்ததென எண்ணாதீர்கள். "எப்படித் தீர்மானித்தீர்?" என்ற அந்த ஒரு வினாவை எனக்கு மிகத் தாமதமாகவே ஒருவர் கேட்டார். உங்களுக்கு இன்றே அதனைக் கையளிக்கின்றேன்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!

— பழைய மாணவ வைத்தியர் ஒருவர்